ஒரு பிரதியாவது வாங்கி வையுங்கள்: பிரிட்டனின் பண்பாட்டுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இரைச்சலையே இசையாக்கும் ‘நாய்ஸ்’ இசைக் கேசட்டுகளைக் காப்பது பற்றி எழுதுகிறேன். வெளியீடுகளில் ஒரு பிரதியை நூலகத்தில் சேர்க்கச் சொல்லும் 2003ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த சிற்றிதழானாலும் ஒரு பிரதி பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போயாக வேண்டும். வெறும் ஒலிப்பதிவு என்றால் வேண்டாம். சட்டத்தின் அக்கறையெல்லாம் எழுத்தின் மேல்தான், ஒலியின் மேல் இல்லை.

சென்ற மாதம், காலமான என் நண்பர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தார்கள். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய எண்பதுகளின் இரைச்சல் இசைக் கேசட்டுகள். இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு காப்பகத்துக்கு எழுதினோம். இவற்றின் பண்பாட்டு முக்கியத்துவத்துக்கு ஆதாரம் இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. முப்பது பிரதி மட்டும் போட்ட கேசட்டுக்கு எந்தப் பத்திரிகை மதிப்புரை எழுதியிருக்கும், ஐயா?

இந்த இசையின் முன்னோடிக் குழுவான த்ராபிங் கிரிசில் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்களுடைய கச்சேரிகளைக் கேசட்டுகளாக அடுக்கி விற்ற அந்தக் கைப்பெட்டியைச் சேகரிப்பாளர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை மற்ற சிறு கேசட் வெளியீட்டாளர்களைப் பற்றியது. கேரி மண்டி 1982இல் தொடங்கிய ப்ரோக்கன் ஃப்ளாக், நாக்டர்னல் எமிஷன்ஸ் குழுவினர் நடத்திய ஸ்டெரைல், பிலிப் சாண்டர்சனின் ஸ்னாட்ச் டேப்ஸ், வடகிழக்கில் லீ ஸ்டோக்கோவின் மேட்சிங் ஹெட். வெற்றுக் கேசட்டும் தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பினால் பதிந்து திருப்பி அனுப்பியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ப்ரோக்கன் ஃப்ளாக் கேசட்டுகளைத் தேடித் திரட்டி மறுவெளியீடு செய்தது யார்? வினைல்-ஆன்-டிமாண்ட் என்ற ஜெர்மன் நிறுவனம்.

இதில் அவசரம் என்ன என்று கேட்கலாம். கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு மயிரிழை பிசகினாலும் உச்சஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். பாட்டு என்றால் குரல் அமுங்குவதை வைத்துச் சரிசெய்யலாம். முதலிலிருந்து கடைசிவரை கீச்சலும் உறுமலுமாக ஓடும் அறுபது நிமிட டேப்பில் எதை வைத்துச் சரிபார்ப்பது? எது நாடாவின் இரைச்சல், எது இசை? மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினால் இவர்களுடைய படைப்பே மிஞ்சாது. போதாததற்கு, பலர் வீட்டு டெக்கில் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். ஒரு பிரதிபோல் இன்னொன்று இருக்காது. இது இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அதைச் செய்தவர்கள் மட்டுமே. அவர்களில் பலருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டும் பசை காய்ந்து உதிர்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டில் டேப் பதிவதால் இசை சாகிறது என்று கேசட்டுக்குக் கீழே எலும்புகளை வரைந்து இசைத் தொழில்துறை பிரசாரம் செய்தது. அந்தத் தொழில் சாகவில்லை. படைப்புத் தொழில்களின் பெருமையை ஒவ்வோர் அமைச்சரும் மேடையில் பேசுகிறார். வீட்டில் பதிந்தவைதான் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. சிறு கச்சேரி இடங்கள் மூடப்படுவதையும் ஒரு கேசட்டை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆகும் தபால் செலவையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

கேட்க வந்தது ஒன்றுதான். சட்டத்தில் ஒலிப்பதிவுக்குள்ள விலக்கை நீக்குங்கள். அதற்காக, முப்பது பிரதி போடுபவரிடம் ஒன்றை இலவசமாகப் பிடுங்க வேண்டாம். விலை கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். விருப்பமிருந்தால் நன்கொடையாகத் தரலாமே என்ற பதில் போதாது. தர முன்வந்த எங்களுக்கு என்ன நடந்தது என்று மேலே சொல்லிவிட்டேன். பழைய ஒலிப்பதிவுகளைக் காக்க லாட்டரி நிதியோடு பிரிட்டிஷ் நூலகம் 2017இல் தொடங்கிய ஒலி மரபுத் திட்டம் நல்ல வேலை செய்தது, 2022இல் முடிந்துவிட்டது. அதுபோல ஒன்றை, செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, இந்தக் கேசட்டுகளுக்கும் தொடங்குங்கள். பிரான்சில் ஒலிப்பதிவுகளுக்கும் கட்டாய ஒப்படைப்பு உண்டு. உங்களாலும் முடியும்.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். விலக்கை நீக்கி, ஒரு பிரதியாவது வாங்கி வைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு பெட்டிகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கேசட் சேகரிப்பாளர்