மாநாட்டை முதல்ல நடத்துங்கோ, வேட்பாளர் லிஸ்டைப் பிறகு போடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மாகாண சபை எலக்சன் வருகுது எண்டு திரும்பவும் கதை அடிபடுது. எங்கட கிழக்கு மாகாண சபைக்கு கடைசியா நாங்க வாக்குப் போட்டது 2012 ல, 2017 ல அதின்ர காலம் முடிஞ்சு போச்சு, அதுக்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். எலக்சன் எப்ப வந்தாலும் வரட்டும், அதுக்கு முதல் தமிழரசுக் கட்சி தன்ர உள்வீட்டுச் சண்டையை முடிச்சுப்போட்டு வரவேணும் எண்டு கேட்டுத்தான் இதை எழுதுறன். கட்சியில எனக்கு ஒரு பதவியும் இல்ல, வாக்குரிமை வந்த நாள்ல இருந்து கட்சியின்ர வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டு வாற ஒரு உப்புவெளி ஆள், அவ்வளவுதான்.

இந்தச் சண்டை தொடங்கினது எங்கட ஊரிலதான். 2024 ஜனவரி 21 ஆம் திகதி திருகோணமலையில கட்சிப் பொதுச்சபை கூடி தலைவர் யார் எண்டு வாக்கெடுப்பு வைச்சவை, சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. அண்டைக்கு எங்கட சனம் உண்மையா சந்தோசப்பட்டது, ஏனெண்டா ஒரு தமிழ்க் கட்சி தன்ர தலைவரை பெட்டி வைச்சுத் தெரிவு செய்யுது, தோத்தவரும் வெண்டவரும் கை குடுக்கினம், இது நல்ல பழக்கம்தானே எண்டு. அந்தச் சந்தோசம் ஒரு கிழமை கூட நிக்கேல்ல. செயலாளர் பதவி யாருக்கு எண்டதில கூச்சல் குழப்பம் வந்து, 28 ஆம் திகதி நடக்க இருந்த மாநாடு ஒத்திவைக்கப்பட்டு, பெப்ரவரியில திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு, மாநாட்டுக்குத் தடை. வாக்கெடுப்பில வெண்டவர் பதவியேற்கேல்ல. பழைய தலைவர் மாவை சேனாதிராஜா ஐயாவே தொடர்ந்து தலைவரா இருந்தார், பிறகு அவரும் விலக பதில் தலைவர், பதில் செயலாளர் எண்டு ஆக்களைப் போட்டு வண்டி ஓடினது.

1951 ல இந்தக் கட்சியின்ர முதலாவது மாநாடு நடந்தது திருகோணமலையில. 1956 ஓகஸ்ட்டில செல்வநாயகம் ஐயா காலத்தில சனம் பாதயாத்திரையா நடந்து வந்து கூடினதும் இஞ்சதான், சமஷ்டி வேணும், குடியேற்றத்தை நிப்பாட்டு எண்டு தீர்மானம் போட்டு அரசாங்கத்துக்கு ஒரு வருஷக் கெடு குடுத்த இடம் இது. அப்பிடிப்பட்ட ஊரில கட்சிக்காரரே கட்சிக்காரருக்கு எதிரா வழக்குப் போட்டு மாநாட்டை மறிச்சது எங்களுக்கு எவ்வளவு வெக்கமா இருந்தது எண்டு வடக்கில இருக்கிற தலைவர்மாருக்கு விளங்குமோ தெரியேல்ல.

வடக்கு எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, கட்சி ரெண்டுபட்டா யாழ்ப்பாணத்துக்கு வாற நட்டம் வேற, எங்களுக்கு வாற நட்டம் வேற. யாழ்ப்பாணத்தில 2024 நவம்பர் 14 எலக்சன்ல எத்தனையோ தமிழ் லிஸ்ட் போட்டி போட்டு வாக்குச் சிதறி, 6 ஆசனத்தில 3 ஐ தேசிய மக்கள் சக்தி கொண்டு போனது, அது கவலைதான், ஆனாலும் அங்க வெண்டவையில தமிழர் இல்லாம இல்ல. திருகோணமலை மாவட்டத்தில மொத்தமே 4 ஆசனம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சமூகமும் கலந்து இருக்கிற மாவட்டம். முதலாவதா வாற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போனா மிச்சம் மூண்டு, அதில ஒண்டைப் பிடிக்கத்தான் எங்கட பாடு. 2024 ல திருகோணமலையில மட்டும் பிரிஞ்சு நிண்ட மற்றத் தமிழ்க் கட்சியளும் தமிழரசோட சேர்ந்து வீட்டுச் சின்னத்தில கேட்டவை. அப்பிடிச் சேர்ந்தும் விழுந்த வாக்கு 34 ஆயிரம் சொச்சம். முழு ஆசனத்துக்குக் காணாது, மிச்ச வாக்குக் கணக்கிலதான் அந்த ஒரு ஆசனம் வந்தது. ஒரு சில ஆயிரம் வேற பக்கம் போயிருந்தா அதுவும் இல்ல.

இது நான் பயத்தில சொல்லுற கதை இல்ல, நடந்ததுதான். 2000 ஆம் ஆண்டு எலக்சன்ல பிறகு கூட்டமைப்புத் தலைவரா இருந்த சம்பந்தன் ஐயாவே திருகோணமலையில தோத்தவர். அடுத்த வருஷம் 2001 ல நாலு கட்சி சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பா வந்த உடன அதே மனுசன் அதே மாவட்டத்தில வெண்டு போனவர், 2004 ல இன்னும் இறுக்கமா நிண்டு ரெண்டு ஆசனம் எடுத்தம், அவரும் துரைரெத்தினசிங்கம் ஐயாவும். திருகோணமலைத் தமிழனுக்கு ஒற்றுமை எண்டுறது மேடைப் பேச்சு இல்ல, ஆசனம் இருக்குதா இல்லையா எண்டுற கணக்கு.

2024 செப்டெம்பர் ஜனாதிபதி எலக்சன் நேரம் எங்கட ஒழுங்கையில நடந்ததைச் சொல்லுறன். கட்சியின்ர மத்திய குழு 1 ஆம் திகதி வவுனியாவில கூடி சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு எண்டு முடிவெடுத்தது, கட்சியின்ர பழைய எம்பி அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளரா சங்குச் சின்னத்தில நிக்கிறார், சிறீதரன் அவருக்குப் பிரசாரம் செய்யிறார். காலமை வந்த ஆக்கள் சஜித்தின்ர டெலிபோன் சின்னத்துக்குப் போடுங்கோ எண்டு நோட்டீஸ் தந்திட்டுப் போயிட்டினம். பின்னேரம் வேற ஆக்கள் வந்து சங்குக்குப் போடுங்கோ எண்டினம். பக்கத்து வளவு அக்கா படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, கணவன் இல்லாம தையல் மெசினில ரெண்டு பிள்ளையளைப் படிப்பிச்ச மனுசி, அவ கேட்டா: "தம்பி, காலமை வந்தவையும் எங்கட ஆக்கள், நீங்களும் எங்கட ஆக்கள், உங்களுக்குள்ள ஒருக்கா கதைச்சுப்போட்டு வந்து சொன்னா என்ன?" வந்த பெடியனிட்ட பதில் இல்ல. அவ அந்த எலக்சனுக்கு வாக்குப் போடவே போகேல்ல. கேட்டதுக்கு, பிழையா ஒருத்தருக்குப் போட்டு மற்றவனிட்ட ஏச்சு வாங்க ஏலாது எண்டா. அரியநேத்திரனுக்கு நாடு முழுக்க விழுந்தது 2 லட்சத்து 26 ஆயிரம் சொச்சம். அதைப் பெருசு எண்டு ஒரு பக்கமும் சிறுசு எண்டு மற்றப் பக்கமும் பேஸ்புக்கில மாதக்கணக்கா சண்டை பிடிச்சினம், அக்கா மாதிரி வீட்டில இருந்த ஆக்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

ரெண்டு பக்கமும் பிழை இருக்குது எண்டதை நான் நேராவே சொல்லுறன். 184 பேர் வாக்குப் போட்டு ஒருத்தரைத் தெரிவு செய்தா அவர் தலைவரா இருக்க வேணும், பிடிக்காட்டி அடுத்த தெரிவில தோக்கடிக்க வேணும், அந்த முடிவை நடைமுறைக்கு வரவிடாமப் பண்ணினது அந்த மண்டபத்துக்கு பஸ் ஏறி வந்த பொதுச்சபை ஆக்களை மதிக்காத வேலை. அதே மாதிரி மத்திய குழு ஒரு முடிவு எடுத்தா, தலைவராத் தெரிவான ஆள் அதுக்கு எதிரா மேடை ஏறுறதும் சரியில்ல, வாக்கெடுப்பை மதி எண்டு கேக்கிற ஆள் தானும் குழுவின்ர முடிவை மதிக்க வேணும். சுமந்திரன், சிறீதரன் ரெண்டு பேரும் படிச்ச மனுசர், ரெண்டு பேரும் எங்களுக்கு வேணும். ஒருத்தருக்கு சட்டம் தெரியும், மற்றவருக்குப் பின்னால சனம் நிக்குது. ஒருத்தரை வெளியில தள்ளினாத்தான் கட்சி உருப்படும் எண்டு கதைக்கிற ரெண்டு பக்கத்து விசிறியளும் தயவு செய்து வாயை மூடுங்கோ.

2025 மே 6 உள்ளூராட்சி எலக்சன்ல வீடு திரும்ப எழும்பினதுதானே, பிறகென்ன பிரச்சினை எண்டு சிலர் கேப்பினம். எழும்பினது உண்மை. ஆனா அது சனம் உங்கட சண்டையைச் சரி எண்டு சொல்லிப் போட்ட வாக்கு இல்ல, எங்கட பிரதேச சபையாவது எங்கட கையில இருக்கட்டும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு போட்ட வாக்கு. ஒவ்வொரு முறையும் அப்பிடிப் போடுவினம் எண்டு நினைச்சா அது பெரிய பிழை. பொடியளோட கதைச்சுப் பாருங்கோ, 2024 ல தேசிய மக்கள் சக்தியின்ர திசைகாட்டிக்குப் போட்ட தமிழ்ப் பிள்ளையள் எங்கட ஊரிலயும் எக்கச்சக்கம், அவையளைத் துரோகி எண்டு ஏசி ஒரு பிரயோசனமும் இல்ல, இவையின்ர சண்டையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போன பிள்ளையள் அது.

இதுக்கிடையில ஊர்ப் பிரச்சினை காத்துக்கொண்டு நிக்கேல்ல. கன்னியா வெந்நீரூற்றுப் பிரச்சினை இருக்குது, தென்னமரவடிக் காணி, திரியாய்க் காணி, குச்சவெளிப் பக்கம் தொல்லியல் எண்டு நட்டுற கல்லு. 2025 நவம்பர்ல கடற்கரையில புத்தர் சிலையை ராத்திரி பொலிஸ் எடுத்து அடுத்த நாளே திரும்பக் கொண்டுவந்து வைச்சதை நாடே பார்த்தது. இப்பிடியான நேரத்தில ஒரு தலைவர் ஒரு குரல்ல கதைச்சாத்தான் கொழும்பில காது குடுப்பாங்கள். சம்பந்தன் ஐயாவோட எனக்கு எவ்வளவோ கருத்து வேறுபாடு, கடைசிக் காலத்தில வருத்தத்தோட இருந்த மனுசன் அந்தக் கதிரையை விட்டிருக்க வேணும் எண்டு அப்பவே சொன்ன ஆள் நான், ஆனா அவர் ஒரு விசயம் சொன்னா அது கட்சியின்ர சொல்லு எண்டு வெளிநாட்டுத் தூதுவர் வரைக்கும் எடுத்தவை. 2024 ஜூன் 30 அவர் கண்ணை மூடினாப் பிறகு அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்குது.

விருப்பு வாக்கு, அதாவது ஒரே லிஸ்டுக்குள்ள ஆருக்கு எண்டு போடுற வாக்கு, அதுக்கு நடக்கிற சண்டையையும் சொல்லாம விட ஏலாது. பாராளுமன்றத்துக்கு 4 ஆசனம் எண்டா லிஸ்டில 7 பேர், கிடைக்கப்போறது ஒண்டு, அப்ப ஒரே லிஸ்டில இருக்கிற ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டத்தான் பாப்பினம். மாகாண சபைக்கு எங்கட மாவட்டத்தில 10 உறுப்பினர், பழைய முறையில எலக்சன் நடந்தா லிஸ்டில 13 பேர் வரும், சண்டை இன்னும் கூடும். 2012 ல அந்தப் பத்தில 3 தான் எங்களுக்குக் கிடைச்சது. ஆரின்ர ஆள் எண்டு பார்த்து லிஸ்ட் போட்டா அந்த மூண்டும் வராது. மூதூர்ப் பக்கம் ஒருத்தர், சம்பூர்ச் சனம் நம்புற ஒருத்தர், தம்பலகாமத்தில ஒருத்தர், குச்சவெளிப் பக்கம் ஒருத்தர், பேருக்கு இல்லாம வெல்லக்கூடிய பொம்பிளையள், இப்பிடிப் போடுங்கோ. அதையும் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதி அனுப்பாம இஞ்ச மாவட்டக் கிளை கூடி முடிவெடுக்க விடுங்கோ.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். உங்கட நிருபரை ரெண்டு தரப்பிட்டயும் அனுப்பி இந்த மூண்டு கேள்வியை மட்டும் கேட்டுப் போடுங்கோ: வழக்குகளைச் சமரசமா முடிக்க நீங்க எழுத்தில சம்மதமா? திருகோணமலையில நிண்டு போன மாநாட்டை எந்த மாதம் நடத்துவியள்? அதில வாற முடிவை, தோத்தாலும், ஏற்பியளா? பதில் சொன்னாலும் போடுங்கோ, சொல்ல மறுத்தாலும் மறுத்தவை எண்டு பேரோட போடுங்கோ. வேட்புமனுத் திகதி அறிவிச்சாப் பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்ல, இப்பவே கேளுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்,
உப்புவெளி, திருகோணமலை