தூண்டில் பிடிக்கிறவங்க வேலையத்தவங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. தூண்டில் போடுறது வேலையத்தவன் பொழப்புன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அதுக்குத்தான் இந்த லெட்டர். எங்க மச்சான் அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஐடி வேலை, லீவு கெடச்சா நடுராத்திரி கேப் காட் கடற்கரைக்குப் போயி நெஞ்சு வரைக்கும் ரப்பர் உடுப்ப மாட்டிக்கிட்டு அலைக்குள்ள நிக்கிறாரு, எல்லாம் ஸ்ட்ரைப்ட் பாஸ்னு ஒரு மீனுக்காக. வெள்ளி ஒடம்புல தலையிலேர்ந்து வால் வரைக்கும் கருப்புக் கோடு ஓடும். செசபீக் விரிகுடா, ஹட்சன் ஆறு பக்கம் முட்டை போட்டுட்டு கரையோரமாவே வடக்க வரும், குளிர் வந்தா தெக்க திரும்பிரும். இருட்டுனா அலை உடையுற எடத்துக்கே பெருசுங்க எரை தேடி வரும், அதனால படகு வேண்டாம், ஆனா கடல் ஓதம் எப்ப ஏறும், மணல்திட்டுக்கு நடுவுல பள்ளம் எங்கன்னு தெரியாம நின்னா விடிய விடிய வெறுங்கைதான்.

2011ல கனெக்டிகட்ல 37 கிலோ மீன் சிக்கி உலக சாதனை ஆச்சு, அது படகுலேர்ந்து புடிச்சதுன்னு மச்சானுக்கு ஒரு எளக்காரம் வேற! இத்தனைக்கும் அங்க ஒரு ஆளு நாளைக்கு ஒண்ணுதான் எடுக்கலாம், அதுவும் 28 இஞ்சுக்கு மேல 31 இஞ்சுக்குள்ள, அதவிடப் பெருசு சிக்குனா திரும்ப கடல்லயே விட்டுறணும். நம்ம சிவகங்கை ஜில்லாவுல கண்மாய் வத்துனா ஊத்தாக் கூடையும் கையுமா ஊரே சகதியில எறங்குதே, அது வெறும் கொழம்புக்கா?

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர்