தென்னையும் தண்ணீர்த் தொட்டியும்: திருச்சி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர்களுக்கும் கட்டட அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஓடுபாதைக்கு நேரே உயர்ந்து நிற்கும் எதுவும், விமானம் அதன் பக்கமே போகாவிட்டாலும், அது ஏற்றிச் செல்லும் எடையைக் குறைத்துவிடும்.

இரட்டை என்ஜின் ஜெட் ஒவ்வொன்றுக்கும், இனி ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாது என்ற வி-ஒன் வேகத்தில் ஒரு என்ஜின் நின்றுபோகும் என்று வைத்தே புறப்பாட்டு எடையைக் கணக்கிடுகிறோம். சக்கரங்கள் மடங்கிய பின் மிச்சமுள்ள ஒரே என்ஜின் குறைந்தது 2.4 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டர் உயர்வு, தர வேண்டும். பாதுகாப்புக்காக, கிடைக்கும் ஏற்றத்தில் 0.8 சதவீதத்தைக் கழித்துவிட்டு, அந்தத் தாழ்ந்த பாதையிலும் தடைகளை 35 அடி இடைவெளியில் தாண்ட வேண்டும். ஓடுபாதை முழுவதும் தேவைப்படும் எடையில், விமானம் அதன் முனையை 35 அடி உயரத்தில்தான் கடக்கும். அங்கிருந்து 600 மீட்டரில் 20 மீட்டர்த் தென்னை நின்றால் 3.3 சதவீதம் தேவை. கழிவையும் சேர்த்தால் 4.1. அதற்கு எடையைக் குறைப்பதே வழி.

மே மாத மதியம் 40 டிகிரியில் நிலைமை இன்னும் மோசம். காற்று மெலிந்து, 3,000 அடிக்கு மேலுள்ள ஊரிலிருந்து கிளம்புவதுபோல் ஆகிவிடும். பல என்ஜின்களின் உந்துவிசையும் 30 டிகிரியைத் தாண்டினால் குறையத் தொடங்கும். அப்போது முதலில் இறக்கப்படுவது சரக்கு. வெளிநாட்டுக்குப் போகும் நம் காய்கறியும் பூவும் அதில்தான் இருக்கின்றன.

2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்காகத்தான். புறப்பாட்டுப் பாதையின் வரம்பு ஓடுபாதை முனைக்கு 60 மீட்டர் அப்பால் தொடங்கி, 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயரும். 600 மீட்டரில் அது 11 மீட்டரைக்கூட எட்டாது.

பிழை பெரும்பாலும் கழித்தலில்தான் நேர்கிறது. கட்டடம் கட்ட விமான நிலைய ஆணையம் தரும் தடையின்மைச் சான்றில் உள்ள உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. சான்று 105 மீட்டர் என்கிறது, மனை 85 மீட்டரில் இருக்கிறது என்றால், கட்டக்கூடியது 20 மீட்டர்தான். மாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, செல்போன் கோபுரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாடிகளை எண்ணி அனுமதி கொடுக்காதீர்கள். உச்சியின் அளவைக் கேளுங்கள். கட்டும்போது நிற்கும் கிரேனையும் மறக்க வேண்டாம்.

மரத்துக்கும் இதே கணக்குதான். ஓடுபாதையின் நேர்கோட்டில் உள்ள கொல்லைகளில் நெட்டைத் தென்னைக்குப் பதில் வாழை வைக்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை ஒட்டிய ஊராட்சிகளும், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் விமானப்படையின் சான்று கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.