கிணற்றடிச் செடி

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள பழனிக்கு,

உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனவன், ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். சாந்திக்கு முதுகுவலி தேவலை. நம் ஹாஸ்டல் தயிர்சாதம் மேனேஜராகிவிட்டான், மூன்றாம் நம்பர் அறைக் கடனை மட்டும் இன்னும் தரவில்லை.

விசாரிப்பு முடிந்தது. நீ செத்துவிட்டாய் என்று தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு, எங்கள் வீட்டு மாடியில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்.

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015இல் திறந்தார்களே, அதுதான். வீட்டுக்கு வந்த மறுநாளே யாழினி மாடித் தொட்டியிலிருக்கும் கறிவேப்பிலைச் செடியைத் துருவித் துருவிப் பார்க்க ஆரம்பித்தாள். கொழுந்து இலைகளில் ஒன்றிரண்டாக, கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டைகள். மூன்றாம் நாள் புழு. புழு என்று சொன்னால்தான் தெரியும். பார்வைக்குக் காக்கை எச்சம். கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். சாந்தி இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்தாள்.

மொத்தம் ஒன்பது. தோல் உரித்து, உரித்த தோலையே தின்று, மறுபடி உரித்து, நான்காம் முறை உரித்ததும் திடீரென்று பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டன. குமரனுக்கு அப்போதுதான் தலைகால் புரியவில்லை. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். காட்டமாக ஒரு வாடை அடிக்கும். தொடாதே என்று நூறு முறை சொன்னேன். அவன் போனதும் நானும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன், அது வேறு கதை.

ஒன்பதுக்கும் பெயர் வைத்தார்கள். இருப்பதிலேயே கொழுத்தது, நிறுத்தாமல் தின்றது, மற்றதை முட்டித் தள்ளிவிட்டு நுனி இலைக்கு ஏறியது எதுவோ அதற்குப் பழனி மாமா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கிரகப்பிரவேசத்தன்று உன் இலையைப் பார்த்திருக்கிறார்கள்.

பச்சையான பிறகு இவற்றின் தீனி இருக்கிறதே, நம் ஹாஸ்டல் மெஸ் தோற்றது. தினமும் டப்பாவைத் தட்டினால் ஒரு கைப்பிடி புழுக்கை. நான்கே நாளில் செடி மொட்டை. தெருவில் நாலு வீட்டில் கறிவேப்பிலை நிற்கிறது. 'புழுவுக்கு வேண்டும்' என்று போய்க் கேட்க எனக்குக் கூச்சம். கடைக்குப் போனேன். கிளறிக் கிளறி, ஒரு புள்ளி இல்லாத, ஓட்டை இல்லாத, மினுமினுவென்ற கட்டாகப் பார்த்து எடுத்தேன். பத்து ரூபாய். நன்றாக அலசித்தான் போட்டேன்.

வெள்ளி காலை எட்டு மணிக்குப் போட்டது. பள்ளி இல்லாததால் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், எல்லாவற்றையும் பார்த்தார்கள். மதியம் புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. பிறகு பச்சையாகக் கக்கின. பிடி தளர்ந்து ஒவ்வொன்றாக டப்பாவின் அடியில் விழுந்து நெளிந்தன. கடைசியாகப் போனது நீ. குமரன் மாடிப்படியில் உட்கார்ந்து, "பழனி மாமா செத்துப் போய்விட்டார்" என்று போட்ட ஓலத்தில் பக்கத்து வீட்டு ராஜம் பாட்டி துக்கம் கேட்க வந்துவிட்டார். வயது என்ன, எத்தனை பிள்ளைகள் என்று சாந்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும், "இதற்கா கடையில் வாங்கினாய், என் கொல்லையில் காடாகக் கிடக்கிறதே" என்றார். கேட்காமல் விட்டேனே என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

இலையில் அடித்த பூச்சிமருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். நோயிலும் புழு சாகும், தெரியும். அது ஒன்று, இரண்டு நாள் விட்டு இன்னொன்று என்று போகும். உடல் கறுத்து இளகித் தொங்கும். இது ஒரே பகலில் ஏழு. மிச்சம் இரண்டு பிழைத்தது எதனால் தெரியுமா? அவை முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டுக் குச்சியில் ஏறி, மின்கம்பத்து வயர்மேன் மாதிரி இடுப்பில் நூல் கட்டிச் சாய்ந்திருந்தன. அந்த இலையில் வாய் வைக்கவில்லை.

அதே கட்டு இலையைப் போட்டுத்தான் சாந்தி அன்று ரசம் தாளித்தாள். யாழினி தட்டில் கிடந்த இலையை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இனி உன்னோடு சண்டை. 2015இல் கேரளத்துக்காரர்கள் நம் காய்கறியில் மருந்து அதிகம் என்று தகராறு செய்தபோது, நீ போனில் அரை மணி நேரம் கத்தினாய். ஓட்டை விழுந்த இலையை வியாபாரி எடுக்கமாட்டான், பூச்சி தின்ற கட்டுக்குப் பாதி விலை, உட்கார்ந்த இடத்தில் உபதேசம் செய்கிறவனுக்கு என்ன தெரியும் என்றாய். நானும் ஆமாம் போட்டேன். இப்போதும் அது பொய் என்று சொல்லவில்லை. ஓட்டை இல்லாத கட்டைத் தேடி எடுத்தவன் நான்தான். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் குடைகிறது. படிக்கிற காலத்தில் உங்கள் காரமடை வீட்டுக்கு வந்தபோது, குழம்புக்கு இலை பறிக்கத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். "அது விற்கிற இலை சாமி. நமக்குக் கிணற்றடிச் செடி இருக்கிறது" என்றார்கள். எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. தோட்டத்து இலைக்குக் கணக்கு இருக்கும்போல என்று நினைத்தேன்.

மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறாய், பழனி? கோபப்படாமல் பதில் எழுது. விலை ஏறுகிற வாரத்தில் எத்தனை நாள், இறங்குகிற வாரத்தில் எத்தனை நாள், இரண்டையும் எழுது. யாரிடமும் காட்டமாட்டேன்.

பிழைத்த இரண்டின் கதையையும் கேள். பத்து நாள் கழித்து ஒரு கூட்டில் பொட்டு மாதிரி ஓட்டை. அதன் வழியாக எறும்பைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வந்தன. கூடு இளசாக இருக்கும்போதே தாய்க்குளவி உள்ளே முட்டை வைத்துவிடுமாம். டப்பாவைத் திறந்துபோட்டது என் தப்பு. மற்றொன்று ஒரு காலை வெடித்தது. கசங்கின துணி மாதிரி இறக்கையோடு வெளியே வந்து, தொங்கிக்கொண்டே விரித்தது. நாங்கள் நாலு பேரும் பல்கூடத் துலக்காமல் நின்றோம். கறுப்பு இறக்கை, பின்னால் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். கறிவேப்பிலை அழகி, பெண். ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய இன்னொரு வண்ணத்துப்பூச்சி உண்டு, பறவை தொடாது. இவள் அதன் வேடம் போடுகிறாள். அசலுக்கு உடம்பும் சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. அங்கேதான் வேடம் கலையும். பதினொரு மணிக்குமேல் ராஜம் பாட்டி கொல்லைப்பக்கம் பறந்து போய்விட்டாள்.

கிணற்றடிச் செடியைச் சுற்றி வேரில் கன்றுகள் முளைத்திருக்குமே, ஒன்றை மண்ணோடு பெயர்த்து அனுப்பு. உன்னிடம் சொன்னால் மறந்துவிடுவாய், அம்மாவிடம் சொல்.

நேற்றுத் தொட்டிச் செடியின் புதுத்துளிரில் நான்கு முட்டை. யாழினி காலண்டரில் குறித்துவிட்டாள். குமரன் இந்த முறை யாருக்கும் பெயர் வைக்கமாட்டானாம்.

உன்
செல்வம்