அலியும் நீனோவும் இன்று நகர்வார்களா?

ஜார்ஜியா நாட்டின் பதுமி நகரக் கடற்கரையில் இருக்கும் 'அலியும் நீனோவும்' என்ற நகரும் சிலையைப் பராமரிக்கும் ஐயா, அம்மாமார்களுக்கு,

வணக்கம். இங்கே மருத்துவம் படிக்க வந்த தமிழ்ப் பெண் நான். உங்கள் ஜார்ஜிய மொழி எனக்குத் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதினாலோ கோபம் பாதியாகிவிடுகிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, "ரெண்டு இரும்பு உருவம் நகர்ந்து வந்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து, அந்தப் பக்கமா விலகிப் போகும்மா" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். 7 மணிக்குத் தொடங்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 7 ஆனது, 7.30 ஆனது. மழை வேறு. அம்மாவுக்கு முட்டிவலி, உட்கார ஈரமில்லாத இடமில்லை. அடுக்கடுக்கான தகடுகளில் தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சொட்டி இறங்கியதே தவிர, அலியும் அசையவில்லை, நீனோவும் அசையவில்லை. 8 மணிக்கு அம்மா கேட்டார்: "ஏன்டி, வடம் பிடிக்க ஆள் வரலையா? தேர் நிலையிலேயே நிக்குது?"

பழுது வரும், பராமரிப்பு இருக்கும், புரிகிறது. நாங்கள் கேட்பது ஒரே ஒரு பலகை. இன்று நகரும், அல்லது நகராது. அவ்வளவுதான்.

2007இல் வெனிஸில் சிற்பி தமரா க்வெசிடாட்ஸே இதைக் காட்சிக்கு வைத்தபோது பெயர் வெறும் 'ஆணும் பெண்ணும்'. 2010இல் இந்த ஊருக்கு வந்த பிறகுதான் 'அலியும் நீனோவும்' என்ற நாவலில் பிரிந்துபோன அந்தக் காதலர்கள் ஆனார்கள். பிரிந்தவர்கள் பெயரை வைத்துவிட்டு, அவர்கள் சேர்கிற அந்தச் சில நிமிடத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் எப்படி? பக்கத்து ராட்டினத்துக்கு மட்டும் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிகிறது. டிக்கெட் விற்கிற பொருளுக்குக் கோளாறே வராது போலிருக்கிறது. கடைகளில் விற்கும் காந்தப் பொம்மையில்கூட இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு மோட்டார் வேண்டாமே!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தப் பலகையை வையுங்கள். ஜார்ஜிய மொழியில் மட்டும் எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன். அம்மா தினமும் போனில் "இன்னிக்காவது நகர்ந்துச்சா?" என்று கேட்கிறார். கல்லூரி விட்டு வரும்போது அந்தப் பலகையையாவது படமெடுத்து அனுப்பிவைப்பேன்.

பணிவுடன்,
மழையில் நனைந்த ஒருத்தி