ஒரே ராத்திரியில் எழுதிய பதினோரு மாதம்

தமிழ்நாடு மாநிலத் தொழிற்பழகுநர் ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் (அச்சும் கருவிகளும் செய்யும் பிரிவு) இருபத்து நான்கு வருடங்களாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம். நானும் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக ஓசூருக்கு பஸ் ஏறியவன்தான். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உங்களிடம் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ஃபிட்டர் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒரு வருட அப்ரண்டிஸாக இருக்கிறான். சாப்பிட்டு எழுந்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். தினசரி வேலைக் குறிப்பேடு. "மாமா, நாளைக்கு இதை முழுசா எழுதிக் கொடுக்கணுமாம். என்ன எழுதறதுன்னே தெரியல. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றான். புரட்டிப் பார்த்தேன். பதினோரு மாதத்துப் பக்கங்களும் வெள்ளையாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பயிற்சிப் பொறுப்பாளரின் கையெழுத்து முன்கூட்டியே போடப்பட்டிருந்தது.

"நிஜமா என்ன வேலை செஞ்சேடா?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினின் கதவைத் திறக்கிறான், முடிந்த ஜாபை, அதாவது உதிரிபாகத்தை, எடுக்கிறான், ஏர் அடிக்கிறான், புது ஜாபை மாட்டுகிறான், கதவை மூடிப் பச்சை பட்டனை அழுத்துகிறான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கதவு. ஒரு ஷிஃப்டுக்கு 210 ஜாப். டூல் உடைந்தால் கை வைக்காமல் ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டும். டூலுக்கு ஏற்ப மெஷினில் அளவைத் திருத்துகிற ஆஃப்செட் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபிட்டருக்குப் படித்தவன் இந்தப் பதினோரு மாதத்தில் அரத்தைக் கையில் எடுக்கவே இல்லை.

2000ஆம் வருடம் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது முதல் வேலையாக ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து, ஆறு பக்கமும் மட்டமாக ராவி வா என்றார் எங்கள் மாஸ்டர். ராவி முடித்து நீட்டினால், மூலைமட்டத்தை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பேசாமல் திருப்பித் தந்துவிடுவார். கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, அது காய்த்தும் போனது. ஐந்தாவது வாரம் அவர் தூக்கிப் பார்த்தபோது வெளிச்சம் வரவில்லை. கட்டையைத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, "இனிமே மெஷின் பக்கம் போ" என்றார். அந்த ஐந்து வாரம்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஐந்து வாரத்தில் கம்பெனிக்கு என்னால் ஒரு பைசா உற்பத்தி கிடையாது. கிடைக்கும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை என்பதால் சொல்கிறேன்: நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு எங்கள் பிரிவுக்கு வந்த பிள்ளைகளின் நோட்டுகளை ஒரு மதியம் மொத்தமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். டெஸ்பாட்ச் அவசரம். யாரும் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். படிக்காமலே போட்டேன். அக்கா மகனின் நோட்டில் அந்த வெறும் பக்கங்களைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் 1961ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். நல்ல சட்டம் ஐயா. அப்ரண்டிஸுக்குப் பீஸ் கணக்கில் பணம் கொடுக்கக் கூடாது, உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் எதிலும் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை கொடுப்பது குற்றம். பயிற்சி எப்படி நடக்கிறது என்பதற்குக் கம்பெனி பதிவேடு வைத்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்து சோதிக்கவும் கேள்வி கேட்கவும் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது எனக்கு எங்கள் சிப்காட்டில் ஏதாவது ஒரு லைன் கண்முன் வந்தது.

தண்டனை என்ன என்று பார்த்தேன். முன்பு ஆறு மாதம்வரை சிறை என்று இருந்ததை 2014இல் திருத்தி, இந்தக் குற்றங்களுக்கு ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்று ஆக்கினார்கள். முதலாளியை ஜெயிலில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் 1,000 ரூபாய் ஒரு ஷிஃப்டின் டீச் செலவுக்கு ஆகும் காசு.

அதே சமயம் எண்ணிக்கையில் அரசு கறாராக இருக்கிறது. 2019 விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம்வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் குறைகிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதக் கணக்கில் அபராதம். அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகிறது, எண் கிடைக்கிறது, கணக்கு நேராகிறது. எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்க ஆள் இருக்கிறது. எடுத்த பையன் என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்கத்தான் ஆள் வரவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதில் 1,500 ரூபாய்வரை மத்திய அரசு தருகிறது, 2023 முதல் நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கு. 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் தொகையை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. உயர்த்தட்டும், சந்தோஷம். மூக்கண்டப்பள்ளியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு லைன் வீட்டு அறையில் தங்கிச் சாப்பிடுகிற பையன்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் கம்பெனிப் பக்கமிருந்து பாருங்கள். சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. பி.எஃப். கட்ட வேண்டாம், இ.எஸ்.ஐ. கட்ட வேண்டாம். முடித்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கற்றுக்கொடுப்பதற்காகத் தந்த சலுகை இது. கற்றுக்கொடுக்காத இடத்தில் இது மலிவு விலைக் கூலி ஆகிவிடுகிறது, அதில் ஒரு பங்கை அரசே கொடுக்கிறது. கம்பெனிகளில் வேலைப் பயிற்சி தருவதற்காக வந்த நீம் என்ற திட்டத்திலும் இதே குறை சொன்னார்கள். 2022 இறுதியில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் (ஏஐசிடிஇ) அதைக் கைவிட்டது. இதுவும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் கம்பெனிகள் ஓசூரில் இருக்கின்றன. தனியாகப் பயிற்சிக் கூடம், மாஸ்டர், வாரா வாரம் வகுப்பு என்று வைத்து நடத்துகிறார்கள். அவர்களுக்கு அது செலவு. பட்டன் அமுக்க விடுகிற கம்பெனிக்கு அதுவே லாபம். இரண்டு பேருக்கும் இணையதளத்தில் ஒரே பச்சை டிக். இது நல்லவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

பையன் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். அக்கா மகனிடம் நானே சொன்னேன். "வேணாம் மாமா, நடுவுல நின்னா பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டணும்னு சொல்லியிருக்காங்க" என்றான். ஒப்பந்தத்தை மீறினால் பையனோ பெற்றோரோ செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பது 7ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மைதான். கம்பெனி மீறினால் கம்பெனி பையனுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு சிக்கல், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள கம்பெனி என்றால் அது மத்திய அரசின் பொறுப்பு, மற்ற தனியார் கம்பெனிகள் உங்கள் பொறுப்பு. ராயக்கோட்டையிலிருந்து வருகிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கிருஷ்ணகிரியில் ஒரே இடத்தில் புகாரை வாங்கி, யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கு நீங்களே அனுப்புங்கள். புகார் கொடுத்தவனின் பயிற்சிக் காலம் வீணாகாமல் வேறு கம்பெனியில் தொடர வழி செய்யுங்கள். தருமபுரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அதுவே உதவும்.

குறிப்பேட்டைக் கம்பெனி அலமாரியிலிருந்து எடுத்துப் பையன் கையில் கொடுங்கள். அவன் போனில் தினமும் இரண்டு வரி எழுதி, வாரம் ஒரு போட்டோ ஏற்றட்டும். மாதம் ஒருமுறை ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவர் அதைப் பார்க்கட்டும். முப்பது நாளும் "லோடிங், அன்லோடிங்" என்று இருந்தால் அந்தக் கம்பெனிக்கு அரசுப் பங்கை நிறுத்தி, பையனுக்கு முழுத் தொகையையும் கம்பெனியையே கொடுக்கச் சொல்லுங்கள். 1,000 ரூபாய் அபராதத்தைவிட அது உறைக்கும். ஒவ்வொரு கம்பெனியிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கினார்கள் என்று ஊர் பார்க்கும்படி போடுங்கள். சேர்க்கை முகாமுக்கு வருகிற பெற்றோர் அதைப் பார்த்துவிட்டு எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். அந்தச் சான்றிதழை நம்பித்தான் பிள்ளைகள் ரயில்வேக்கு எழுதுகிறார்கள். அங்கே கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆய்வுக்கு வரும்போது முன்கூட்டி லெட்டர் அனுப்ப வேண்டாம். இரண்டாம் ஷிஃப்டில், ஏழு மணிக்கு மேல் வாருங்கள். அந்த நேரத்தில் ஹெச்.ஆர். அறையில் ஆள் இருக்காது, லைனில் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு ஜாபையும் அளவெடுக்கும் ஒரு வெர்னியரையும் ஒரு பையன் கையில் கொடுத்து, அளந்து சொல் தம்பி என்று கேளுங்கள்.

அக்கா மகனுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. அன்று ராத்திரி அவனுக்கு எதையும் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. செய்ததையே எழுது என்றேன். முதல் பக்கத்திலிருந்து "ஜாப் மாட்டினேன், எடுத்தேன்" என்று எழுதிக்கொண்டு போனான். கம்பெனியில் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு மாதிரி எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
டூல்ரூம் தொழிலாளி ஒருவன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்