கயிறு அறுந்தால் பிளைண்டையே தூக்கிப் போட வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் ‘வீடு’ பக்கத்தில் ஜன்னல் பிளைண்ட் (வெளிச்சத்தை மறைக்க ஜன்னலில் மாட்டும் திரை) பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. எந்த நிறம் எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்றெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் ‘கோணலாகத் தொங்க ஆரம்பித்தால் பழுது பார்ப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்’ என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் பிளைண்ட் அழகுக்காக மாட்டியது இல்லை. அம்மாவுக்கு 83 வயது. கண் கூச்சம் அதிகம். வெளிச்சம் நேராக முகத்தில் பட்டால் நீர் கொட்டும். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது, அதை நகர்த்த அவருக்குச் சம்மதமில்லை. ஆறு மாதம் முன்பு அந்த ஜன்னல் பிளைண்டின் இடது பக்கம் சட்டென்று சரிந்தது. மாட்டிக்கொடுத்தவரையே கூப்பிட்டோம். கீழே நின்றபடி ஒரு பார்வை பார்த்தார். “இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாதும்மா, புதுசு போட்டுடுங்க” என்றார். ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

நான் 31 வருஷம் தட்டச்சராக வேலை பார்த்தவள். மூடியைத் திறக்காமலே ஒரு பொருளை ‘முடியாது’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் போனதும் பிளைண்டைக் கழற்றி மேஜைமேல் நீளமாகக் கிடத்தினேன்.

அலுமினியப் பட்டை மொத்தம் 56. எதையும் எதோடும் ஒட்டவில்லை. முன்பக்கம் ஒரு நூல், பின்பக்கம் ஒரு நூல், நடுவே குறுக்குக் கண்ணிகள்: அசல் நூலேணி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டை சும்மா உட்கார்ந்திருக்கிறது. காகிதம் போல் மெல்லிய தகடு எப்படித் தொய்யாமல் நிற்கிறது என்று பட்டை ஒன்றை உருவிப் பார்த்தேன். குறுக்குவாட்டில் லேசான வளைவு இருக்கிறது. இரும்பு டேப்பை நீட்டினால் மடியாமல் நிற்கிறதே, அதே வித்தை. அதனால்தான் பட்டை ஒருமுறை மடங்கிவிட்டால் எவ்வளவு நீவினாலும் பழைய விறைப்பு வருவதில்லை. வெளியே எட்டிப் பார்க்க விரல் விட்டுப் பட்டையைக் கீழே அழுத்துகிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மேலே இருக்கும் நீளப் பெட்டிக்குள் ஒரு தண்டு ஓடுகிறது. ஏணிகளின் தலை அந்தத் தண்டில் உள்ள உருளைகளில் மாட்டியிருக்கிறது. தண்டு திரும்பினால் முன் நூல் ஏறும், பின் நூல் இறங்கும். அத்தனை பட்டையும் ஒன்றாகச் சாயும். தண்டைத் திருப்புவது நாம் கையில் பிடித்துத் திருகும் அந்தக் குச்சிதான். அதன் உச்சியில் மரை வெட்டிய சின்னத் திருகு, அதோடு கோத்த ஒரு பல்சக்கரம். திருகு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. ஆகவே எந்தச் சாய்வில் விட்டாலும் பட்டை அப்படியே நிற்கிறது. பட்டைகளை இப்படி ஒருசேரச் சாய்க்கும் ஏற்பாட்டுக்கு 1841-லேயே அமெரிக்காவில் ஜான் ஹாம்ப்சன் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவ்வளவு பழைய, அவ்வளவு எளிய விஷயம்.

ஏற்றி இறக்குவது வேறு கயிறு. பட்டைகளின் துளை வழியாக இறங்கி, அடிக்கட்டையின் கீழே முடிச்சாக முடிகிறது. இழுத்தால் அடிக்கட்டை முதலில் எழும்பும்; போகப் போக ஒவ்வொரு பட்டையாக அதன்மேல் அடுக்கிக்கொள்ளும். மேலே போகப் போகக் கை கனப்பது அதனால்தான். இதில் எனக்குப் பிடித்துப் போனது, மேல் பெட்டியில் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டு. சரிவான பள்ளத்தில் சொரசொரப்பான ஒரு சின்ன உருளை. கயிற்றை விட்டவுடன் பாரம் கயிற்றை இழுக்கும், கயிறு உருளையைக் குறுகலான மூலைக்கு இழுக்கும், உருளை கயிற்றையே நெரித்துப் பிடித்துக்கொள்ளும். பாரம் கூடினால் பிடியும் கூடும். சற்றுக் கீழே இழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்தால் உருளை விலகி வழிவிடும். பலர் வீட்டில் ‘இறங்க மாட்டேன் என்கிறது’ என்று நேராகவே வெடுக் வெடுக்கென்று இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இழுத்து இழுத்துத்தான் உருளையடியில் கயிறு நைகிறது.

எங்கள் கயிறும் சரியாக அந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை.

பழைய கயிற்றின் நுனியோடு புதுக் கயிற்றைத் தைத்து இழுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அது தெரியாமல் பழையதை முழுக்க உருவிவிட்டேன். 56 துளையிலும் கையால் கோத்தேன், நேராக. மாட்டிப் பார்த்தால் நூலேணி பட்டையிலிருந்து பக்கவாட்டில் நழுவுகிறது. மறுபடி இறக்கி, சரியாக இருந்த வலப்பக்கக் கயிற்றைக் கூர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: ஏணிப் படிக்கு ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று கயிறு மாறி மாறிப் போகிறது. அதுதான் ஏணியை நகராமல் பிடிக்கிறது. அப்படியே கோத்தேன். வலப்பக்கக் கயிற்றுக்கும் அதே வயதுதானே, அதையும் மாற்றிவிட்டேன். செலவு, அதே தடிமனில் கொஞ்சம் நைலான் கயிறு மட்டும்.

அப்புறம் சாய்வு. இத்தனை காலம் பட்டையின் உள் விளிம்பு கீழே இருக்கும்படி வைத்திருந்தோம். அது படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக வானத்தைத் திறந்து காட்டும் சாய்வு. பாவம், அம்மா முகத்தில் கோடு கோடாக வெயில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. உள் விளிம்பை மேலே திருப்பினேன். வெயிலும் வானமும் மறைந்தன, வெளிச்சம் பட்டையில் பட்டு உட்கூரைக்குப் போய் அறை முழுக்க மெதுவாகப் பரவியது. “இப்பத்தான் கண்ணைத் திறந்து படுக்க முடியுது” என்றார். ஒரு திருகு. அதைச் சொல்லித்தர அன்று மாட்டியவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

பட்டைக்குப் பதில் துணியைக் குழாயில் சுருட்டும் ஸ்பிரிங் ரோலர் பிளைண்டும் அப்படித்தான். குழாய்க்குள் சுருள் ஸ்பிரிங். ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் 1864-ல் காப்புரிமை வாங்கியது. மெதுவாக இழுத்து நிறுத்தினால் ஒரு சின்னக் கொக்கி பல்லில் விழுந்து பிடிக்கும். லேசாகச் சுண்டி விட்டால் வேகத்தில் கொக்கி வெளியே ஒதுங்கி, துணி சுருண்டு ஏறும். ஏறாமல் சோம்பினால் ஸ்பிரிங் முறுக்கு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாதி இறக்கி, குழாயைக் கழற்றி, துணியைக் கையால் சுருட்டி மறுபடி மாட்டினால் முறுக்கு ஏறிவிடும். இதற்கும் புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த மறுநாள் தங்கை பேரன் வந்திருந்தான், இரண்டு வயது. கூடத்தில் இருப்பது ஸ்பிரிங் இல்லாமல் சங்கிலியால் சுருட்டும் ரோலர் பிளைண்ட்; அதில் தொங்கும் மணிச் சங்கிலி வளையத்தைத் தலை வழியாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன், எடுத்துவிட்டேன். அடுக்களையில் இருந்திருந்தால்? கால் வழுக்கினால் சின்னக் குழந்தையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. கழுத்து நெரியும்போது அழும் சத்தம்கூட வராது. அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் கடையில் தயார் அளவில் விற்கும் பிளைண்ட்களில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தால் குழந்தைக்கு எட்டக் கூடாது என்று தொழில் தர விதியே வந்துவிட்டது. கயிறில்லாத வகையில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, அடிக்கட்டையைக் கையால் தூக்கினால் போதும். குழந்தை வரும் போகும் வீட்டுக்கு அதுதான் சரி. பழையது இருந்தால், சங்கிலி வளையத்தைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கியை மாட்டுங்கள், தொங்கும் கயிற்றை உயரத்தில் சுற்றி வையுங்கள், குழந்தை படுக்கும் தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் மாட்டியவர் இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சுவர்க் கொக்கி, பிரிக்காத பாக்கெட்டாக, பெட்டியோடு வந்த அட்டைக்குள்ளேயே கிடந்தது. அன்று சாயங்காலமே நானே திருகிவிட்டேன்.

பிளைண்ட் மாட்டிக்கொடுப்பவர்களிடம் கேட்பது இதுதான்: போகும் முன் ஐந்து நிமிடம் நின்று பூட்டை எப்படி விடுவிப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது, சங்கிலியை எங்கே கட்டுவது என்று கையால் செய்து காட்டுங்கள். கொக்கியைத் திருகாமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். ஆசிரியரே, உங்களிடம் கேட்பது, நிறப் பொருத்தத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியை, கயிறு கோக்கும் முறைக்கு ஒரு படத்தோடு கொடுங்கள். படம் போட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வரைந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருத்தி